சத்துவாச்சாரி வீடு: கேட்டது 1.55 கோடி, முடிந்தது 1.18 கோடி

வீடு, மனைக்கு விலை மதிப்பிடுவது என் தொழில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 2024 ஆகஸ்ட் மாதம் என் ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தார். வாத்தியார்கள் கொண்டுவரும் ஃபைல் எப்போதும் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாகப் பிரிண்ட் எடுத்த ஒரு தாள் இருந்தது. பெங்களூரில் டேட்டா வேலை பார்க்கும் மகன் போட்டுக் கொடுத்த கணக்கு அது. கடைசி வரியில் தடித்த எழுத்தில் 1,54,47,000.

"ஒண்ணு அம்பத்தஞ்சு சொல்லலாம்னு இருக்கேன் தம்பி. நீங்க ஒரு பார்வை பார்த்துட்டு சரின்னு சொன்னா போதும்" என்றார்.

சரி என்று சொல்ல முடியவில்லை. நான் போட்ட மதிப்பு 1 கோடியே 16 லட்சத்து 60 ஆயிரம். அந்த வீடு டிசம்பரில் 1.18 கோடிக்குக் கிரயமானது. மகன் கணக்குக்கும் என் கணக்குக்கும் நடுவில் 38 லட்சம் இடைவெளி. அது எங்கே எங்கே விழுந்தது என்பதை, சார் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன். வேலூர் பக்கம் வீடு விற்கிறவர்கள் பலரும் இதே மூன்று இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: மனை, கட்டடத்தின் வயசு, ஆசையாகச் செய்த செலவு.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். சத்துவாச்சாரியில் 20 அடி தெரு, வடக்குப் பார்த்த மனை. 1994இல் கட்டிய தரைத்தளம் 1,150 சதுர அடி, கான்கிரீட் கூரை, கருங்கல் அஸ்திவாரம், மொசைக் தரை. 2009இல் மேலே 800 சதுர அடி எடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார். படிக்கட்டு வெளியே தனியாக. 2021இல் மகன் கல்யாணத்துக்கு முன்னால் 9 லட்சம் செலவழித்து வீட்டைப் புதுப்பித்தார்கள். மகனுடைய தாளில் கணக்கு இப்படி இருந்தது: மனை 2,160 சதுர அடிக்கு 5,200 ரூபாய் வீதம் 1,12,32,000. கட்டடம் 1,950 சதுர அடிக்கு 1,700 வீதம் 33,15,000. புதுப்பித்த செலவு 9 லட்சம். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

மனை

டேப்பைப் பிடிக்க என் உதவியாளரோடு மறுநாளே போனேன். பத்திரத்தில் 'கிழமேலடி இருபுறமும் 36, தென்வடலடி இருபுறமும் 60' என்று இருக்கிறது. முன்பக்கம் தெரு ஓரம் அளந்தால் 36 அடி, சொல்லி வைத்தாற்போல. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் அளந்தால் 34. நம்பாமல் இரண்டாவது தடவை நானே டேப்பின் நுனியைப் பிடித்தேன். அதே 34. கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவர் எடுக்கும்போது முன்மூலையிலிருந்தே மெல்ல மெல்ல உள்ளே வந்திருக்கிறார். தெருவில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

"அந்தச் சுவரா? அது கட்டி இருவது வருஷம் ஆச்சே" என்றார் சார். அதுதான் பிரச்சினை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கேட்காமல் விட்ட சுவரை இனிமேல் கோர்ட்டில் நகர்த்துவது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டை விற்கப் போகும் நேரத்தில் அந்த வழக்கைத் தொடங்குகிறவர் யாரும் கிடையாது. 36, 34 இரண்டுக்கும் சராசரி 35. அறுபதால் பெருக்கினால் 2,100 சதுர அடி. காகிதத்தில் இருக்கும் 60 சதுர அடி தரையில் இல்லை. சர்வேயரைக் கூட்டிவந்து அளக்கிற எந்த ஆளும் இதைக் கண்டுபிடித்துவிடுவார். அட்வான்ஸ் வாங்கிய பிறகு தெரிந்தால் பேரம் இன்னும் மோசமாகும். ஆகவே முதல் வேலையாக 2,100 என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது சதுர அடி விலை. 5,200 எங்கிருந்து வந்தது என்று மகனிடம் போனில் கேட்டேன். இணையத்தில் சத்துவாச்சாரி என்று போட்டு வந்த நாற்பது விளம்பரங்களின் சராசரியாம். தம்பி நேர்மையாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. விற்காத வீடு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். விற்றது மறுநாளே காணாமல் போய்விடும். ஆக அந்தச் சராசரியில் போகாத வீடுகளின் விலைதான் அதிகம் சேரும்.

சரி, பதிவான பத்திரங்களைப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அதிலும் சிக்கல் உண்டு. நிறையப் பேர், பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரத்தில் தொகை காட்டுகிறார்கள். அந்த வழிகாட்டி மதிப்போ சந்தையோடு சேர்ந்து நடப்பதில்லை. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க அதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திருப்பிக் கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். இந்த இரண்டு நாளிலும் எந்தத் தெருவிலும் எந்த மனையின் உண்மை விலையும் ஒரே ராத்திரியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கவோ, இறங்கினது திரும்ப ஏறவோ இல்லை. ஆகவே என் வேலையில் பாதி, வாங்கினவர் விற்றவர் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசி, புரோக்கரிடம் மூன்றாவது தடவை சரிபார்த்து, உண்மையில் கைமாறிய தொகையைக் கண்டுபிடிப்பதுதான்.

அப்படிக் கிடைத்த மூன்று கிரயங்கள், எல்லாம் அதே வருஷத்தவை. ஒன்று 30 அடி ரோட்டில் 2,400 சதுர அடி காலி மனை. சதுர அடி 4,900. இரண்டாவது 20 அடி தெருவில் தெற்குப் பார்த்த 1,800 சதுர அடி. மேலே இடிக்க வேண்டிய ஓட்டு வீடு. 77 லட்சத்து 40 ஆயிரத்துக்குப் போனது, அதாவது 4,300. மூன்றாவது 2,000 சதுர அடி மனையில் 12 வருஷமான 1,300 சதுர அடி வீடு, 1.12 கோடி. நம் வீட்டுக்கு நெருங்கிய சொந்தம் இரண்டாவதுதான்: அதே அகலத் தெரு. திசை மட்டும் வித்தியாசம். வடக்குப் பார்த்த வாசலுக்கு நூறு ரூபாய் கூட்டி 4,400 வைத்தேன்.

நூறு ரூபாய் ஏன் என்று கேட்டால், தெற்கு வாசல் என்றதும் காரை விட்டு இறங்காமலே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெரு நேராக வந்து முட்டுகிற தெருக்குத்து மனைக்கு இதைவிட அடி பலம். எனக்கு வாஸ்துவில் ஈடுபாடு கிடையாது. ஆனால் வாங்க வருகிற பத்துப் பேரில் நாலு பேர் ஒதுங்கிப் போனால், மீதி ஆறு பேர் மத்தியில்தான் பேரம். அந்தக் குறைச்சலுக்குத்தான் இந்தக் காசு.

4,400 வைத்தது சரியா என்று மூன்றாவது வீட்டைக் கொண்டு சோதித்தேன். அதன் மனைக்கு 88 லட்சம் போக, கட்டடத்துக்கு 24 லட்சம் நிற்கிறது. புதிதாகக் கட்ட 2,200 என்று வைத்து, 60 வருஷ ஆயுளில் 12 வருஷத் தேய்மானம் 18 சதவீதம் (கணக்கு கீழே வருகிறது) கழித்தால் சதுர அடிக்கு 1,804. மொத்தம் 23 லட்சத்து 45 ஆயிரம். பக்கத்தில் வந்துவிட்டது. இப்படி ஒரு வீட்டைப் பிரித்துப் பார்த்துச் சரிவந்தால்தான் எனக்கு அடுத்த வீட்டில் கை வைக்கத் தைரியம் வரும்.

நம் மனை 2,100 × 4,400. 92 லட்சத்து 40 ஆயிரம். மகனுடைய கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 19 லட்சத்து 92 ஆயிரம். மொத்த இடைவெளியில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிட்டது. வீட்டுக்குள் இன்னும் கால் வைக்கவில்லை.

கட்டடம்

தேய்மானக் கணக்கு எளிது. கான்கிரீட் கூரை வீட்டுக்கு 60 வருஷ ஆயுள், கடைசியில் இடித்து விற்கும்போது 10 சதவீதம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். ஆக வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் தேயும். 30 வருஷத்துக்கு 45 சதவீதம். 2,200இல் மிச்சம் 1,210. தரைத்தளம் 13 லட்சத்து 91 ஆயிரத்து 500.

மாடிதான் சிக்கல். 15 வருஷம்தானே ஆகிறது, இருபத்திரண்டரை சதவீதம் கழித்தால் போதுமே என்று தோன்றும். அப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் மாடி நிற்பது 1994 சுவரின் மேல். கீழே இருப்பதற்கு 30 வருஷம்தான் மிச்சம் என்றால், மேலே இருப்பதற்கும் அதே 30தான். தனியாக 45 வருஷம் அந்தரத்தில் நிற்காது. ஆகவே மாடியின் முழு ஆயுளே 45 வருஷம். அதில் 15 போய்விட்டது. கடைசியில் மிஞ்சும் அதே 10 சதவீதத்தை விட்டுவிட்டு, வருஷத்துக்கு 2 வீதம் தேய்மானம் 30 சதவீதம். அஸ்திவாரச் செலவு இல்லாததால் மாடிக்கு அடிப்படை 1,800, கழித்தால் 1,260, மொத்தம் 10 லட்சத்து 8 ஆயிரம். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 24 லட்சம். மகன் 33 போட்டிருந்தார்.

"அப்பா வீட்டை அவ்ளோ நல்லா மெயின்டெயின் பண்ணியிருக்கார் அங்கிள். வயசை மட்டும் பார்த்துக் கழிக்கிறது எப்படி நியாயம்?" என்றார் போனில். கல்லூரியில் படித்தபோது அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரின் வீட்டு விற்பனைத் தரவை வைத்து விலை கணிக்கும் புராஜெக்ட் செய்தாராம். அதில் தரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்று வந்ததாம்.

எனக்கும் அந்தத் தரவு தெரியும். டீன் டி காக் என்ற புள்ளியியல் பேராசிரியர் 2011இல் பாடம் நடத்துவதற்காகத் தொகுத்து வெளியிட்டது. 2006 முதல் 2010 வரை நடந்த 2,930 வீட்டு விற்பனை, ஒவ்வொன்றுக்கும் எண்பது சொச்சம் விவரம். தம்பி சொன்னது உண்மைதான். கட்டுமானத் தரத்துக்கு 1 முதல் 10 வரை போட்ட மதிப்பெண்ணுக்கும் விலைக்கும் உள்ள ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு (1 என்றால் முழுப் பொருத்தம், பூஜ்யம் என்றால் தொடர்பில்லை), 0.8ஐ நெருங்குகிறது. மனையின் பரப்புக்கோ 0.27 அளவுதான். அந்த ஊரில் சராசரி மனையே 10,000 சதுர அடியை ஒட்டி இருக்கிறது. இடத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் விலையைச் சொல்வது மேலே நிற்கும் வீடு. இங்கே மலைக்கும் பாலாற்றுக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற ஊர். நாம் பார்க்கும் வீட்டின் மொத்த மதிப்பில் கிட்டத்தட்ட 80 சதவீதம் மண். ஏம்ஸ் கணக்கைச் சத்துவாச்சாரிக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகத்தான் வரும்.

அதே தரவில் இன்னொரு விஷயம் உண்டு. தம்பி அதைக் கவனிக்கவில்லை. அந்த அட்டவணையில் தரம் ஒரு பத்தி (காலம்), பராமரிப்பு நிலை வேறொரு பத்தி. தரத்துக்கு 0.8 என்றால், நிலைக்கு விலையோடு ஒட்டுறவு ஏறக்குறைய பூஜ்யம். சொல்லப்போனால் பூஜ்யத்துக்கும் கொஞ்சம் கீழே. பராமரிப்புக்கு மதிப்பே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. புது வீடுகளுக்கெல்லாம் பெரும்பாலும் நடு மதிப்பெண் 5 போட்டுவிடுகிறார்கள். 6, 7 வாங்குவது நன்றாகக் கவனித்த பழைய வீடுகள். பழைய வீடு என்பதாலேயே விலை குறைவு. வயசோடு சேர்த்துப் படிக்காமல் அந்தப் பத்தியைத் தனியாகப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். நானும் அதே மாதிரி முதலில் வயசுக்குக் கழித்துவிட்டு, அதே வயசுள்ள மற்ற வீட்டை விட இது நன்றாக இருக்கிறதா மோசமா என்று பிறகுதான் பார்க்கிறேன் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓகே அங்கிள், அது கரெக்ட்" என்றார். பிடிவாதக்காரர் இல்லை.

ஒன்பது லட்சம்

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். சார் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். மாடுலர் கிச்சன் 3 லட்சத்து 60 ஆயிரம். மொசைக் மேல் ஒட்டிய பெரிய டைல்ஸ் 2 லட்சத்து 10 ஆயிரம். ஹாலில் ஃபால்ஸ் சீலிங் 1 லட்சத்து 30 ஆயிரம். முன்பக்க எலிவேஷன் வேலை 1 லட்சத்து 40 ஆயிரம். ஸ்டீல் கேட் 60 ஆயிரம்.

கிச்சனில் நான் கேஸ் அடுப்பைப் பார்க்கவில்லை, சிங்க்குக்குக் கீழே குனிந்தேன். கதவைத் திறந்ததும் ஈர மரத்தின் புளித்த வாசனை. அடிப்பலகை ஓரத்தில் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. மூன்று வருஷத்துக் கிச்சன். மேல் அலமாரிகள் நன்றாக இருந்தன. கீழ் வரிசை இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம். 90 ஆயிரம் போட்டேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டடத்துக்கு 2,200 என்று வைக்கும்போதே அதில் சாதாரண சமையல் மேடை, சாதாரணத் தரை, பெயின்ட் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்கு மேல் இருக்கும் கூடுதலைத்தான் தனியாகச் சேர்க்கலாம். செலவு முழுவதையும் சேர்த்தால் ஒரே தரையை இரண்டு தடவை விற்கிறோம் என்று ஆகும்.

டைல்ஸுக்கு 80 ஆயிரம். மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால் எனக்கு அந்த மொசைக்தான் பிடிக்கும். ஜன்னல் ஓரம் கொஞ்சம் விட்டுவைத்திருந்தார்கள். முப்பது வருஷமாகியும் ஒரு விரிசல் இல்லை, மழமழவென்று. ஆனால் இன்றைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் மொசைக் என்றாலே பழைய வீடு என்கிறார்கள். எலிவேஷனுக்கு 30 ஆயிரம், கேட்டுக்கு 40 ஆயிரம்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு ஒன்றுமில்லை. அண்ணாந்து பார்த்தபோது மூலை விளக்கைச் சுற்றி டீ சிந்திய மாதிரி வெளிர்பழுப்பில் ஒரு வளையம். அதற்கு நேர் மேலே மாடியின் பாத்ரூம். சீலிங்கின் ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன்; சார் வீட்டம்மாவுக்கு மனசில்லை, விட்டுவிட்டேன். பழைய வீட்டில் ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்தாலே விவரமான ஆள் முதலில் கேட்கும் கேள்வி "எதை மறைச்சிருக்கீங்க?" என்பதுதான். வெறும் கூரையாக இருந்திருந்தால் கறையின் அளவு தெரிந்திருக்கும். அவ்வளவுதான் என்று மனம் சமாதானமாகும். மறைத்துவிட்டால் வாங்குகிறவர் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார். இந்தக் கசிவுக்கும் மொட்டைமாடியில் இரண்டு இடத்தில் தட்டோடு பெயர்ந்திருந்ததற்கும் சேர்த்து 2 லட்சத்து 20 ஆயிரம் கழித்தேன். ரிப்பேர் அதைவிடக் குறைவாகவே முடியும் என்று எனக்குத் தெரியும். கூடுதலாகக் கழித்தது அந்தக் கற்பனைக்கு.

சார் சொல்லாமல் விட்ட ஒன்று போர்ட்டிகோவுக்கு அடியில் இருந்தது: 10,000 லிட்டர் சம்ப். மாநகராட்சிக் குழாய்க்கும் போருக்கும் தனித்தனி லைன், வால்வு போட்டுப் பிரித்தது. 2019 கோடையில் கட்டினாராம். அந்த வருஷம்தான் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. இங்கே எங்கள் பாடும் டேங்கர் லாரிப் பாடுதான். செலவு 1 லட்சத்து 10 ஆயிரம். "அது சும்மா அவசரத்துக்குக் கட்டினது தம்பி, அதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார். நான் ஒன்றரை லட்சம் எழுதினேன். ஆறு இருக்கும் தண்ணீர் இருக்காது, கோட்டை இருக்கும் ராஜா இருக்க மாட்டார் என்று ஊரைப் பற்றிக் கிண்டலாகச் சொல்லிப் பழகினவர்கள் நாங்கள். இங்கே வீடு பார்க்க வருகிற யாரும் முதலில் திறப்பது குழாயைத்தான். செலவு செய்ததற்கு மேல் திரும்பக் கிடைக்கும் என்று நான் எழுதிய ஒரே இனம் அந்த வீட்டில் இதுதான்.

கடைசியாக மாடி. 2009இல் எடுத்த மாடிக்குப் பிளான் அப்ரூவல் இல்லை. "வரி கட்டிட்டு வரேனே" என்று ரசீதைக் காட்டினார். வரி போட்டிருப்பது வேறு, அனுமதி கொடுத்திருப்பது வேறு. பேங்க்கில் இருந்து வரும் மதிப்பீட்டாளர் அனுமதி உள்ள பரப்பை மட்டுமே கணக்கில் எடுப்பார். கடன் போட்டு வாங்குகிறவருக்கு இது இடிக்கும் என்று ஒன்றரை லட்சம் கழித்தேன்.

சேர்த்தது 3 லட்சத்து 90 ஆயிரம், கழித்தது 3 லட்சத்து 70 ஆயிரம். 2021இல் போட்ட 9 லட்சமும் 2019இல் போட்ட சம்ப்பும் சேர்ந்து, குறைகளெல்லாம் போக, வீட்டின் விலையில் நிகரமாகச் சேர்த்தது இருபதாயிரம். மொத்தம் 1 கோடியே 16 லட்சத்து 60 ஆயிரம். ரிப்போர்ட்டில் ஒற்றை எண் கொடுக்காமல் 1.14 முதல் 1.20 கோடி என்று எழுதினேன். ரூபாய் வரைக்கும் துல்லியமாகச் சொல்கிற மதிப்பீட்டை நான் நம்புவதில்லை, என்னுடையதாக இருந்தாலும்.

வாடகைப் பக்கமிருந்தும் ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். மாடி 11,000, கீழே விட்டால் 13,000 கிடைக்கும். வருஷத்துக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். 1.16 கோடிக்கு இது இரண்டரை சதவீதம்கூட இல்லை. வாடகைக்காக வாங்குகிறவர் இந்தப் பக்கமே வரமாட்டார். குடியிருக்க வருகிறவர்தான் வாங்குவார் என்பது இதிலிருந்து தெரிந்தது. அவருடைய கண்ணால்தான் வீட்டைப் பார்க்க வேண்டும்.

பேரம்

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு சார் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. பிறகு 1.55க்கே விளம்பரம் கொடுத்தார். அவர் வீடு, அவர் இஷ்டம். செப்டம்பரில் மூன்று பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் எதிர்விலை சொல்லவில்லை. புரோக்கர் என்னிடம் வந்து, "இன்னா சார், வாத்தியார்கிட்ட நீங்களாவது சொல்லக்கூடாதா? நான் சொன்னா கமிஷனுக்காகச் சொல்றேன்னு நினைக்கிறாரு" என்றார். அக்டோபரில் தெருவில் "இன்னும் போகலியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுதான் வேலை செய்தது. 1.30க்கு இறங்கினார்.

நவம்பரில் குடியாத்தம் பக்கத்துத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட மாமியாரையும் அழைத்து வந்திருந்தார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். அந்த அம்மா நேராகப் பின்பக்கம் போய் போர் குழாயைத் திறந்தார். உள்ளங்கையில் பிடித்து வாயில் ஊற்றி, கொப்பளித்துத் துப்பிவிட்டு, "உப்பு கம்மிதான்" என்றார். மருமகளின் முதல் கேள்வி, "2021 வெள்ளத்துல தெருவுக்குத் தண்ணி வந்துச்சா சார்?" அந்த நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை யாரும் மறக்கவில்லை. இந்தத் தெருவுக்கு வரவில்லை. அடுத்த கேள்வி பட்டா யார் பேரில் இருக்கிறது. கிச்சனுக்குள் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் போனார்கள்.

பின்சுவர் விஷயத்தை நான் சொல்லியிருந்தபடி சாரே முதலில் எடுத்துச் சொன்னார். அதில் அவர்களுக்கு வந்த நம்பிக்கைக்கு என் ரிப்போர்ட்டில் பத்தி கிடையாது. அவர்கள் 1.12இல் ஆரம்பித்தார்கள், சார் 1.24இல். மூன்று வாரம் இழுத்தது. வாங்குகிறவர் கையில் இன்னொரு கணக்கும் இருந்தது: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 1.18 கோடிக்கு அதுவே 10 லட்சத்து 62 ஆயிரம். அந்தக் காசு வீட்டுக்கும் போகாது, விற்பவருக்கும் போகாது. ஆனாலும் பேரத்தில் உட்கார்ந்திருக்கும். முழுத் தொகையும் பத்திரத்தில் காட்டுவது என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட அன்று 1.18இல் முடிந்தது. 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்கியவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டினார்.

சாருக்கு ஒரு குறை மிச்சமிருந்தது. வீடு விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியில், பழைய விலையாகக் காட்டும் 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பைக் கொஞ்சம் ஏற்றிப் போட முடியுமா என்று கேட்டார். 2020க்குப் பிறகு அது அந்த நாளைய முத்திரைத் தீர்வை மதிப்பைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆடிட்டரிடம் அனுப்பினேன்.

நான் தப்பு செய்த இடம்

மாடிக்கு அனுமதி இல்லை என்று கழித்த ஒன்றரை லட்சம் தேவையில்லாதது. அவர்களுக்கு வேண்டிய கடன் 70 லட்சம்தான். பேங்க் மாடியைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் அந்த அளவுக்கு மனையும் தரைத்தளமும் தாராளமாகப் போதும். கடனின் அளவைக் கேட்காமலே கழித்துவிட்டேன். அந்த ஒன்றரை லட்சத்தைத் திருப்பிச் சேர்த்தால் 1.18ஐத் தொட்டுவிடுகிறது, இவ்வளவு அழகாகப் பொருந்துவதில் பேரத்தின் தற்செயலும் பாதி இருக்கும்.

வெளிப் படிக்கட்டையும் நான் சும்மா ஒரு குறிப்பாகத்தான் எழுதியிருந்தேன். அந்த வீட்டை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதே அதனால்தான். மாமியாருக்கு முட்டிவலி, அவர் கீழே, இவர்கள் மேலே. இரண்டு நுழைவு என்பதால் நைட் டியூட்டி முடிந்து வரும்போது யார் தூக்கமும் கெடாது. ஒரு நர்ஸுக்கு அதன் மதிப்பு எவ்வளவு என்று எந்தப் பத்தியில் போடுவது?

பிப்ரவரியில் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங்கை முதல் மாதமே பிரித்துவிட்டார்கள். மேலே முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து கம்பியில் துரு. பாத்ரூம் குழாய், பூச்சு, மொட்டைமாடி ஓடு எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 60 ஆயிரத்தில் முடிந்ததாம். கிச்சனின் கீழ் வரிசையைக் கழற்றிவிட்டுக் கடப்பாக்கல் மேடை போட்டிருந்தார்கள். கழற்றிய பலகைகளில் நல்லதாக ஒன்றைத் தெருமுனை இஸ்திரிக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். பளபளவென்ற மெரூன் கலர், கைப்பிடி கூட இன்னும் கழற்றவில்லை. வண்டியில் அடியில் போட்டு, மேலே கம்பளி விரித்து, அதில் வைத்துத்தான் வேட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.